இடிபாட்டு மீட்புக்கு ஒரே பயிற்சித் தரம்: பர்மாத் தமிழ்ப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மதியம். மண்டலேயையும் சகாயிங்கையும் 7.7 அளவு நிலநடுக்கம் புரட்டிப் போட்டது. அதற்குப் பிறகு ரங்கூன், பகோ, மோல்மேன் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் மீட்புப் பணி கற்றுக்கொள்ள வேண்டும் என்று வருகிறார்கள். கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள், ரத்ததானம் ஏற்பாடு செய்கிறவர்கள், இலவச ஈமச் சேவைச் சங்கங்களில் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாம் இதில் உண்டு. கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். என் அபிப்பிராயமும் இதில் கலந்திருக்கும்.

எல்லா நாட்டு மீட்புக் குழுக்களுக்கும் பொதுவான பயிற்சித் தரம் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா?

கட்டட இடிபாட்டு மீட்புக்கு இருக்கிறது. இன்சராக் என்ற சர்வதேசத் தேடல்-மீட்பு வலையமைப்பு வகுத்த தரம் அது. 1985இல் மெக்சிகோவிலும் 1988இல் ஆர்மீனியாவிலும் நிலநடுக்கம் வந்தபோது பல நாட்டுக் குழுக்கள் ஓடிப்போய் இறங்கின. யார் எந்தக் கட்டடத்தைப் பார்ப்பது, பார்த்த கட்டடத்தை எப்படிக் குறிப்பது என்று பொது ஏற்பாடு எதுவும் இல்லை. ஒரு குழு தேடி முடித்த இடத்தையே இன்னொரு குழு தேடும். அடுத்த தெருவுக்கு ஆளே போயிருக்காது. அந்தக் குழப்பத்தைப் பார்த்தவர்கள் 1991இல் ஐ.நா. குடையின் கீழ் இந்த வலையமைப்பைத் தொடங்கினார்கள். செயலகம் ஜெனீவாவில். 2002 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை 57/150 என்ற தீர்மானத்தின் மூலம் இதற்கு வலுவூட்டியது.

இது சட்டம் இல்லை. பின்பற்றாத நாட்டை யாரும் தண்டிக்கப் போவதில்லை. வழிகாட்டி நூல்கள் எல்லாமே இணையத்தில் இலவசம். நம் வேலைக்கு நேரடியாக உதவுவது மூன்றாம் தொகுதியான களக் கையேடு. மற்றவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

லைட், மீடியம், ஹெவி என்கிறார்களே, அது என்ன?

வெளிநாட்டுக்குப் போகத் தகுதியான குழுக்களின் படிநிலை அது. மீடியம் குழு ஒரே இடத்தில் இரவு பகலாக 7 நாள் வேலை செய்யும். ஹெவி குழு ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் 10 நாள் செய்யும். லைட் அதைவிடச் சிறியது. எந்தக் குழுவானாலும் ஐந்து பிரிவு இருக்க வேண்டும்: நிர்வாகம், தேடுதல், மீட்பு, மருத்துவம், தளவாடம். உணவு, தண்ணீர், கூடாரம், எரிபொருள் வரை தானே கொண்டுவர வேண்டும். அடிபட்ட ஊரின் அரிசியில் கை வைக்கக் கூடாது. பெரிய குழுக்களுக்கான தேர்வே 36 மணி நேரம் இடைவிடாமல் நடக்கும் ஒத்திகை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதைத் திரும்ப எழுதித் தேற வேண்டும்.

சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் இந்த அளவுக்கு வர முடியுமா?

வந்திருக்கிறார்கள். ஐஸ்லாந்தின் மீட்புச் சங்கம் முழுக்கத் தன்னார்வலர்களால் ஆனது. 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்கு மறுநாளே போய் இறங்கிய வெளிநாட்டு அணிகளில் அதுவும் ஒன்று. துருக்கியின் ஆகூத் 1996இல் மலையேறிகள் சேர்ந்து தொடங்கிய சங்கம். ஜெர்மனியின் தெஹாவே 1950இல் தொடங்கிய அரசு அமைப்புதான், ஆனாலும் அதில் உழைக்கும் 80,000க்கு மேற்பட்டவர்கள் தன்னார்வலர்கள். அவர்களில் தச்சர், எலக்ட்ரீஷியன், வங்கிக் குமாஸ்தா எல்லாரும் உண்டு. மண்டலேக்கு வந்த சீனக் குழுக்களிலும் நீல வானம் என்ற பெயருடைய தன்னார்வ அமைப்பு இருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். இவர்கள் எல்லாருக்கும் பின்னால் பல ஆண்டுப் பயிற்சியும், கருவிக்குப் பணமும், வேலை செய்யும் இடத்தில் லீவு தரும் முதலாளியும் இருக்கிறார்கள். மூன்றாவதுதான் நம் ஊரில் கிடைக்காத சரக்கு.

அப்படியானால் நம் குழுவும் இன்சராக் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாமா?

முடியாது. குழு நேரடியாகக் கேட்க வழியில்லை. அந்தந்த நாட்டு அரசு நியமித்த தொடர்பாளர் வழியாகத்தான் கோரிக்கை போக வேண்டும். உள்நாட்டுக் குழுக்களுக்கு அந்தந்த நாடே தகுதி வழங்கும் முறையும் உண்டு, அதற்கும் அரசுதான் முன்வர வேண்டும். இங்கே ஒரு சங்கத்தைப் பதிவு செய்வதே எவ்வளவு பாடு என்று வார்டு ஆபீசுக்கு நடந்தவர்களுக்குத் தெரியும். என்னைக் கேட்டால் சான்றிதழை மறந்துவிடுங்கள். அதன் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழே கிடைக்காதென்றால் அந்தத் தரத்தைப் படித்து நமக்கு என்ன பிரயோஜனம்?

இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி இதுதான்.

மார்ச் 28 மதியம் 12.50க்கு பூமி ஆடியது. நேப்பிடோ விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரம் விழுந்தது, மண்டலே விமான நிலையம் மூடப்பட்டது. முதலில் வந்த சீன அணி மறுநாள் காலை ரங்கூனில்தான் இறங்கியது. அங்கிருந்து மண்டலே 600 கிலோமீட்டருக்கு மேல். நெடுஞ்சாலையில் வெடிப்பு, பாலங்களில் சேதம். உலகத்தின் எந்த ஹெவி குழுவாக இருந்தாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. முதல் நாள் முழுக்க மண்ணைத் தோண்டியவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள், சங்கத்துப் பையன்கள், மடத்துப் பிக்குகள். அன்று ரமலான் மாதத்துக் கடைசி வெள்ளி. தொழுகை நேரத்தில் பல பள்ளிவாசல்கள் இடிந்தன. வெளியே நின்றிருந்தவர்கள் வெறும் கையால் செங்கல்லைப் புரட்டினார்கள். உயிரோடு மீட்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் இப்படி முதல் நாளில் அக்கம்பக்கத்தாரால் வெளியே எடுக்கப்படுகிறவர்கள்தான். பெரிய நிலநடுக்கம் எங்கே வந்தாலும் இதுதான் நிலவரம்.

பிறகு இரண்டாம் நாள் வெளிநாட்டு அணி வருகிறது. நீங்கள் எந்தக் கட்டடத்தைத் தேடினீர்கள், எங்கே குரல் கேட்டது, எது கேஸ் கசியும் வீடு என்று அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்கு அவர்கள் மொழி தெரியாது. அவர்கள் வாசிக்கக்கூடிய குறியை நீங்கள் முதல் நாளே சுவரில் போட்டிருந்தால் அரை நாள் மிச்சம். இடிபாட்டுக்கு அடியில் கிடப்பவருக்கு அரை நாள் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. நம்மைப் போன்ற குழுவுக்கு இந்தத் தரம் தேவைப்படுவது இதற்காக.

சரி, அந்தக் குறிகளும் விசில் சத்தங்களும் என்ன?

விசில் மூன்றே வகை. ஆளுக்கொரு விசில் கழுத்தில் இருக்க வேண்டும். வண்டி ஹாரனும் உதவும்.

சின்னச் சின்னதாக மூன்று ஊதல், திரும்பத் திரும்ப: எல்லாரும் உடனே வெளியேறு. மூன்று வினாடி நீளும் ஒரே ஊதல்: வேலையை நிறுத்து, சத்தம் போடாதே, உள்ளே இருந்து குரல் வருகிறதா கேட்போம். ஒரு நீளம் ஒரு குட்டை: மறுபடி ஆரம்பி.

இரண்டாவதுதான் நம் ஆட்களுக்குக் கஷ்டம். சுற்றி இருநூறு பேர், ஜெனரேட்டர், மோட்டார் சைக்கிள், போனில் வீடியோ எடுக்கிறவர்கள். அமைதிக்கு ஊதியதும் குழுவில் ஒருவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக் கையை உயர்த்தி நிற்க வேண்டும். ஒத்திகையிலேயே இந்த ஆளை நியமித்துவிடுங்கள். தொண்டைக்காரரைவிட உயரமானவரைப் போடுவது நல்லது.

இனி சுவர்க் குறி. உயிரோடோ இறந்தோ ஆள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்து 'வி'யைப் பெரிதாக எழுதி, இடத்தைக் காட்ட அம்புக்குறி போட வேண்டும். கீழே 'எல்' போட்டு எண் எழுதினால் அத்தனை பேர் உயிரோடு. 'டி' போட்டு எண் எழுதினால் அத்தனை பேர் இறந்துவிட்டார்கள். ஆளை எடுத்தபின் பழைய எண்ணை அடித்துப் புது எண் எழுத வேண்டும். முழுக்கத் தேடி யாரும் இல்லையென்றால் சாய்சதுரம் வரைந்து உள்ளே 'சி'. இறந்தவர்கள் மட்டுமே மிச்சம் என்றால் அதே சாய்சதுரத்துக்குள் 'டி'. கட்டடத்தின் முகப்பில் போடும் பெரிய பெட்டியில் குழுவின் பெயர்ச் சுருக்கம், எந்த அளவுக்குத் தேடினோம், தேதி ஆகியவை வரும். கேஸ், மின்கம்பி போன்ற ஆபத்து இருந்தால் அதையும் எழுத வேண்டும்.

பர்மிய எழுத்திலும் சேர்த்து எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் எண் மட்டும் 1, 2, 3 என்றே இருக்கட்டும். பர்மிய எண்ணைப் பார்த்து வெளிநாட்டான் விழிப்பான்.

பயிற்சி இல்லாதவர்கள் இடிபாட்டில் இறங்கவே கூடாதா?

கூடாது என்று சொன்னால் யார் கேட்பார்கள்? உள்ளே அக்கா அழும் சத்தம் கேட்கும்போது ஒருவரும் கையேட்டைத் தேட மாட்டார்.

1985 மெக்சிகோ சிட்டி நிலநடுக்கத்தில் பயிற்சியே இல்லாத பொதுமக்கள் 800 பேர் அளவில் உயிரோடு மீட்டதாகச் சொல்வார்கள். அதே முயற்சியில் மீட்கப் போனவர்களில் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். எட்டுக்கு ஒன்று. அதே 1985இல் லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறை தன் ஊர் மக்களுக்கு அடிப்படைப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. செர்ட் என்ற பெயரில் இன்று பல நாடுகளில் நடப்பது அதுதான். மொத்தமே சுமார் 20 மணி நேரம். தீயை அணைப்பது, ரத்தத்தை நிறுத்துவது, கனமில்லாத இடிபாட்டில் தேடுவது, எந்தக் கட்டடத்துக்குள் போகவே கூடாது என்று முடிவெடுப்பது. கடைசியில் சொன்னதற்காகவே அந்த 20 மணி நேரத்தைச் செலவிடலாம்.

எல்லாவற்றையும் கற்க நேரமில்லை. ஒன்றே ஒன்றைக் கற்க வேண்டுமென்றால்?

கட்டை அடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஸ்லாப்பைத் தூக்க ஜாக்கி இருக்கும், கடப்பாரை இருக்கும், பத்துப் பேர் இருப்பார்கள். தூக்கியும் விடுவார்கள். ஜாக்கி நழுவினாலோ பின்னதிர்வு வந்தாலோ அந்த ஸ்லாப் திரும்ப இறங்கும். முதலில் ஒரு அடி உயரத்திலிருந்து நசுக்கியது இப்போது இரண்டு அடியிலிருந்து நசுக்கும். மார்ச் 28 அன்று முதல் அதிர்வுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்திலேயே 6க்கு மேற்பட்ட பின்னதிர்வு வந்தது.

அதனால் முறை இது: ஒரு அங்குலம் தூக்கு, ஒரு அங்குலம் அடை. நாலுக்கு நாலு அங்குலக் கட்டை, ஒன்றரை அடியிலிருந்து இரண்டு அடி நீளம். கீழே இரண்டை இணையாக வைத்து, மேலே இரண்டைக் குறுக்காக, அப்புறம் மறுபடி இணையாக. கட்டையின் நுனி ஒரு கட்டை அகலத்துக்காவது வெளியே நீண்டிருக்க வேண்டும். நுனியோடு நுனி வைத்தால் பாரம் ஏறும்போது வழுக்கும். உயரம் அடித்தளத்தின் நீளத்தைப்போல மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. கடைசி இடைவெளிக்கு ஆப்பு. ஜோடியாக எதிரெதிரே அடிக்க வேண்டும், ஒற்றை ஆப்பு திரும்பிக்கொள்ளும். கையை ஒருபோதும் கட்டைக்கும் ஸ்லாப்புக்கும் நடுவில் கொண்டுபோகாதீர்கள். இன்னொரு கட்டையால் தள்ளுங்கள்.

எந்த மரம்? நம் நாட்டில் தேக்கும் பியின்கடோவும் இருக்கும்போது கெட்டி மரமே நல்லது என்று தோன்றும். இங்கே மென்மரம்தான் சிறந்தது. பாரம் மிஞ்சும்போது மென்மரம் நசுங்கி முனகும், ஓட நேரம் கிடைக்கும். கெட்டி மரம் சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டே இருந்து பட்டென்று பிளக்கும். சரக்குப் பெட்டி உடைத்த பைன் கட்டைகள் பக்கத்து மரக்கடைகளில் கிடைத்தால் வாங்கி, ஒரே அளவாக அறுத்து, மூட்டையாகக் கட்டி வையுங்கள். வண்டியில் போகிற வழியில் தேடலாம் என்று விடாதீர்கள்.

காலில் கல் விழுந்து கிடப்பவரை உடனே இழுத்துவிடலாமா?

பக்கத்தில் தீ, மேலே சரியும் சுவர் என்றால் இழுங்கள், உயிர்தான் முதல். அப்படி இல்லாமல், தொடை போன்ற பெரிய தசை ஒரு மணி நேரத்துக்கு மேல் நசுங்கிக் கிடந்தால் நிறுத்துங்கள். நசுங்கிய தசையில் தேங்கிய பொட்டாசியமும் கழிவும் பாரம் விலகியதும் ரத்தத்தில் பாய்ந்து இதயத்தை நிறுத்தலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். வெளியே எடுக்கும்வரை பேசிக்கொண்டிருந்தவர் எடுத்த பத்தாவது நிமிடம் போய்விடுவது இதனால்தான். தூக்குவதற்கு முன்பே நரம்பு வழியாக சலைன் ஏற்ற வேண்டும். அது டாக்டரோ பயிற்சி பெற்ற நர்ஸோ செய்ய வேண்டியது. நம் வேலை: எத்தனை மணிக்கு மாட்டினார் என்று கேட்டு எழுதி வைப்பது, மருத்துவரைக் கூட்டி வருவது, அதுவரை அவரோடு பேசிக்கொண்டிருப்பது.

72 மணி நேரம் தாண்டினால் தேடுவதை நிறுத்திவிட வேண்டுமா?

இல்லை. வாய்ப்பு வேகமாகக் குறையும், அவ்வளவுதான். நேப்பிடோவில் இடிந்த ஹோட்டலுக்கு அடியிலிருந்து 26 வயது ஊழியர் ஒருவரைத் துருக்கி அணியும் பர்மிய அணியும் சேர்ந்து சுமார் 108 மணி நேரத்துக்குப் பிறகு உயிரோடு எடுத்தன. அதுவும் 40 டிகிரி வெயில் காலத்தில். தேடும் கட்டம் முடிந்தது என்று அறிவிப்பது அரசின் பொறுப்பு. எந்தக் குழுவும் தானாக அறிவிக்கக் கூடாது.

கரப்பான்பூச்சியை விட்டுத் தேடினார்களாமே, உண்மையா?

உண்மை. சிங்கப்பூர் அணி முதுகில் கேமராவும் சென்சாரும் பொருத்திய பத்து கரப்பான்பூச்சிகளைக் கொண்டுவந்தது. நம் சமையலறைச் சாதி இல்லை, விரல் நீளத்துக்கு வளரும் மடகாஸ்கர் இனம். யாரையும் கண்டுபிடிக்கவில்லை. களத்தில் பயன்படுத்தியது அதுவே முதல் முறை.

வெளிநாட்டு அணி வந்த பிறகு உள்ளூர்க் குழுவுக்கு என்ன வேலை?

நிறைய. இந்தியா 80 பேர் கொண்ட தேசியப் பேரிடர் மீட்புப் படை அணியை அனுப்பியது. கூடவே ராணுவ மருத்துவமனையும் வந்தது. இப்படி வருகிறவர்களுக்கு முதலில் தேவைப்படுவது தெருவையும் மொழியையும் அறிந்த ஆள். பர்மியமும் தமிழும் தெரிந்து, இந்தியோ ஆங்கிலமோ கொஞ்சம் ஒட்டியிருக்கும் பிள்ளை நம் சமூகத்தில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். அவருக்கு விசிலும் குறியும் கூடத் தெரிந்திருந்தால் அந்த அணிக்கு அவர் தங்கம். கட்டடத்தில் எத்தனை குடும்பம், யார் அந்த நேரம் வீட்டில் இருப்பார், மாடிப்படி எந்தப் பக்கம் என்று குடியிருந்தவர்களிடம் விசாரித்துத் தாளில் வரைந்து கொடுப்பதும் மீட்புப் பணிதான். கல் தூக்கினால்தான் சேவை என்ற எண்ணத்தை விடுங்கள்.

மொழிபெயர்க்கும்போது ஒரு எச்சரிக்கை. குடும்பத்தாரிடம் நல்ல செய்தியாகவோ கெட்ட செய்தியாகவோ நீங்களாக ஒரு வார்த்தை சேர்க்காதீர்கள். அணித் தலைவர் சொன்னதை மட்டும் சொல்லுங்கள்.

ஆசியான் நாடுகளுக்குள் தனி ஏற்பாடு இல்லையா?

உண்டு. பேரிடர் ஒப்பந்தம் 2005இல் கையெழுத்தாகி 2009இல் நடைமுறைக்கு வந்தது. ஒருங்கிணைக்கும் மையம் 2011 முதல் ஜகார்த்தாவில் இருக்கிறது. சேதத்தை மதிப்பிடப் பயிற்சி பெற்ற எராட் என்ற குழுவும் உண்டு. இவையெல்லாம் அரசுகளுக்கு இடையிலான விஷயம்; நம் குழுவுக்கு நேரடி வாசல் இல்லை.

இறந்தவர் உடல்களைப் பற்றித் தரம் என்ன சொல்கிறது? உடனே அடக்கம் செய்யாவிட்டால் நோய் பரவும் என்கிறார்களே?

நிலநடுக்கத்தில் இறந்தவர் உடலால் கொள்ளைநோய் வராது. உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. நோய்ப் பயத்தில் அவசரப்பட்டு மொத்தமாகப் புதைப்பதுதான் பெரிய கெடுதல்: யார் என்று தெரியாமல் போய்விடும். ஈமக்கிரியை செய்ய முடியாமல், ஜனாஸா தொழ முடியாமல், இறப்புச் சான்றிதழ் இல்லாமல் குடும்பம் வருஷக்கணக்கில் அலையும்.

ஈமச் சேவையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது தெரிந்த வேலைதான், ஒரு ஒழுங்கை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உடலுக்கும் ஒரு எண், தண்ணீர் பட்டாலும் அழியாத அட்டையில். முகம், உடை, தாலி, மோதிரம், பச்சை குத்தல் எல்லாவற்றையும் அந்த எண் தெரியும்படி போட்டோ எடுக்க வேண்டும். எந்தக் கட்டடம், எந்த மாடி, எத்தனை மணி என்று எழுத வேண்டும். நகையைக் கழற்றித் தனியாக வைக்காதீர்கள். நல்லெண்ணத்தில் செய்தாலும் பழி வரும்.

ரங்கூனில் இருக்கும் நமக்கு இவ்வளவு பயம் எதற்கு?

மண்டலேயை உடைத்த சகாயிங் பிளவு அங்கேயே முடியவில்லை. பகோ பக்கமாகக் கடல் வரை இறங்குகிறது. 1930 மே 5 அன்று அதே பிளவு பகோவைத் தரைமட்டமாக்கியது; சுமார் 500 பேர் இறந்தார்கள், ஷ்வேமாடோ பகோடா சரிந்தது, ரங்கூனிலும் 50 பேர் அளவில் இறந்தார்கள். அப்போது ரங்கூனில் எட்டு மாடிக் கட்டடங்களின் வரிசை இல்லை. இப்போது டவுன்டவுனில் பன்னிரண்டரை அடி அகலத்தில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. செங்குத்தான ஒற்றைப் படிக்கட்டு, ஒவ்வொரு வாசலுக்கும் இழுப்புக் கம்பிக் கதவு, அதற்குப் பூட்டு, ஜன்னலெல்லாம் இரும்புக் கூண்டு. திருடனுக்குப் பயந்து போட்டது, நிலநடுக்கத்தில் நம்மையே பூட்டிவிடும். கம்பி வெட்டும் கருவி இரண்டாவது வாங்க வேண்டிய சாமான், முதலாவது கட்டைகள்.

உங்கள் வீட்டில் இன்றே செய்யக்கூடியது: கம்பிக் கதவுச் சாவி ஒன்றை உள்ளே, எல்லாருக்கும் தெரிந்த ஆணியில் மாட்டுங்கள்.

பெண்கள் சேரலாமா? எந்த வயதிலிருந்து?

சேரலாம், சேர வேண்டும். ஒடுங்கிய பொந்துக்குள் நுழைய மெலிந்த உடம்பு உதவும். காயம்பட்ட பெண்களிடம் விசாரிக்கவும் பெண்கள் இருப்பது நல்லது. களத்துக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் தளவாடம், பதிவேடு.

என்ன உடை, என்ன சாமான்?

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ரப்பர் செருப்போடு இடிபாட்டில் ஏறும் பழக்கத்தை முதலில் ஒழிக்க வேண்டும். மண்டலேயில் எடுத்த படங்களைப் பாருங்கள், பாதிப் பேர் அப்படித்தான். ஸ்லாப்பிலிருந்து நீட்டும் கம்பியும் ஓட்டுச் சில்லும் பாதத்தைத்தான் முதலில் பார்க்கும். முழுக்கால் சட்டை, கனத்த அடியுள்ள பூட்ஸ், தோல் கையுறை, கண்ணாடி, தூசிக்கு என்95 மாஸ்க், தலையில் கட்டும் டார்ச், விசில், கறுப்பு மார்க்கர், ஸ்பிரே பெயின்ட். டெட்டனஸ் ஊசி போட்ட தேதியை எழுதி வையுங்கள்.

நன்கொடையாக மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் தருகிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். காதை அடைக்கும், உள்ளிருந்து வரும் குரல் கேட்காது. வெயிலில் அரை மணி நேரம் போட முடியாது. கட்டட வேலை ஹெல்மெட்டைக் கேளுங்கள், தாடைப் பட்டையோடு. அதன் விளிம்புக்கு அடியில் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். பிளாஸ்டிக் வெயிலில் காய்ந்து நொறுங்கும் என்பதால் பல வருஷம் பழையதாக இருந்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.